லென்ஸ் எட்டினால் போதுமா? கை எட்ட வேண்டாமா?

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்)



நம் கல்லூரியில் இன்று வகுப்புக்கு இரண்டு மூன்று பேர் கையிலாவது மிரர்லெஸ் கேமரா இருக்கிறது. கல்யாண ஸ்டுடியோவுக்கு லைட் பிடிக்கப் போய்ச் சம்பாதித்து வாங்கியவர்கள் உண்டு. மாமன் சீராக வந்ததும் உண்டு. எப்படி வந்தாலும் சரி, கேமரா வந்த மூன்றாவது மாதம் எல்லோருக்கும் ஒரே ஆசை வருகிறது. கூடவே வந்த சின்ன லென்ஸ் பத்தவில்லை. தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் டெலிபோட்டோ ஜூம் வேண்டும்!

அந்த ஆசை தப்பே இல்லை. ஆனால் நாம் அதைத் தேர்ந்தெடுக்கும் விதம் தப்பு என்பதுதான் என் தாழ்மையான கருத்து. "எத்தனை மி.மீ. மாப்ளே?" என்பதே முதல் கேள்வியாகவும் கடைசிக் கேள்வியாகவும் இருக்கிறது. 600 என்றால் பெரிய ஆள். 250 என்றால், "அட, அவ்வளவுதானா!" மாடு வாங்கப் போகிறவன் கொம்பின் நீளத்தை மட்டும் பார்த்தா விலை பேசுகிறான்? பல், சுழி, நடை எல்லாம் பார்த்துத்தானே துண்டுக்குள் கையை விடுகிறான்! லென்ஸுக்கும் அப்படி நாலு கேள்விகள் உண்டு. எதை எடுக்கப் போகிறோம்? எவ்வளவு தூரத்தில்? எந்த வெளிச்சத்தில்? யார் காசில்?

மி.மீ. என்பது என்ன?

பத்தாம் வகுப்பில் குவியத் தொலைவு என்று படித்தோமே, அதுதான் இந்த மி.மீ. அது கூடக் கூட, படத்துக்குள் அடங்கும் அகலம் குறையும். அதனால் பொருள் பெரிதாகத் தெரியும். டிப்ளமோ மாணவனுக்கு ஏற்ற எளிய சூத்திரம் இது: படத்தில் அடங்கும் அகலம் = சென்சாரின் அகலம் × தூரம் ÷ குவியத் தொலைவு.

நம்மிடம் இருப்பது பெரும்பாலும் ஏபிஎஸ்-சி வகைக் கேமரா. அதன் சென்சார் சுமார் 23.5 மி.மீ. அகலம் (கேனானில் 22.3). முழு ஃபிரேம் கேமராவில் 36 மி.மீ. ஆகவே அதே 250 மி.மீ. லென்ஸ் நம் கேமராவில் முழு ஃபிரேமின் 375 மி.மீ. போல நெருக்கிக் காட்டும். 'சின்ன சென்சார்' என்று கேலி செய்கிறார்களே, தூரத்தில் உள்ளதை எடுப்பவனுக்கு அது ஒரு வகையில் லாபம்தான்! இனி நம்ம ஊர்க் கணக்குக்கு வருவோம்.

மாடும் ரேக்ளாவும்

காங்கேயத்தான் கேமரா எடுத்தால் முதலில் மாட்டைத்தான் எடுப்பான். பழையகோட்டையில் ஞாயிற்றுக்கிழமை கூடும் மாட்டுச்சந்தைக்கும், சித்திரையில் கண்ணபுரம் தேரோடு கூடும் மாட்டுச் சந்தைக்கும் போய்ப் பாருங்கள். அங்கே மாடு கை தொடும் தூரத்தில் நிற்கிறது. டெலி லென்ஸுக்கு வேலையே இல்லை. கேமராவோடு வந்த லென்ஸ் போதும், மாட்டுக்காரரிடம் "ஏனுங்க, ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்கும் வாய் இருந்தால் இன்னும் போதும்.

ரேக்ளாவின் கதை வேறு. 2014-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. 2017 ஜனவரியில் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18-இல் அந்தத் திருத்தம் செல்லும் என்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. கொங்குச் சீமையில் 200 மீட்டர், 300 மீட்டர் என்று ரேக்ளா ஓட்டுகிறார்கள். பாதைக்குள் நின்று படம் எடுத்தால் உயிருக்கு ஆபத்து, மாட்டுக்கும் மிரட்சி. கயிற்றுக்கு வெளியே தள்ளி நின்றுதான் எடுக்க வேண்டும். ஆகவே இங்கே டெலி ஜூம் அவசியம்.

எந்த டெலி? வண்டியும் காளைகளும் சேர்ந்து, சுற்றிலும் கொஞ்சம் இடமும் விட்டுப் பக்கவாட்டில் எடுக்க 6 மீட்டர் அகலம் வேண்டும் என்று வைப்போம். சூத்திரத்தில் போடுங்கள். 70 மி.மீ.யில் எடுக்க 18 மீட்டர் தள்ளி நின்றால் போதும். ஆனால் 200-600 லென்ஸில் ஆரம்பமே 200. அதற்கு 51 மீட்டர் பின்னால் போக வேண்டும்! ரேக்ளாக் கூட்டத்தில் 51 மீட்டர் பின்னால் போனால் என்ன தெரியும்? முன்னால் நிற்பவர்களின் தலைப்பாகைதான் தெரியும். 10 மீட்டரில் நின்று அதே 200-இல் எடுத்தால் 1.2 மீட்டர் அகலம்தான் அடங்கும். கொம்பு வரும், காளை வராது.

ஆகவே ஜூம் வாங்கும்போது பெரிய எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். சின்ன எண்ணையும் பாருங்கள். ஆடும் பாதி, மாடும் பாதியாக இருக்கும் நமக்கு 50-இலோ 70-இலோ தொடங்கும் ஜூம்தான் தோது.

இன்னொரு விஷயம். லென்ஸில் இருக்கும் நடுக்கம் தடுக்கும் வசதியைப் பெரிதாக விளம்பரம் செய்கிறார்கள். அது நம் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். காளையின் காலை நிறுத்தாது. 200 மீட்டரை 20 நொடியில் ஓடுகிறது என்று வைத்தால், நொடிக்கு 10 மீட்டர். ஷட்டர் நொடியில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால் வண்டி 10 செ.மீ. நகர்ந்துவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 1 செ.மீ. தான். படம் கலங்காமல் இருப்பது ஷட்டர் வேகத்தால். அதற்கு வேண்டியது வெளிச்சம். அதைப் பிறகு சொல்கிறேன்.

குளத்துப் பறவைகள்

திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022-இல் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. நம் மாவட்டத்துக்கே பெருமை! அதற்குப் பிறகு 600 மி.மீ. ஆசையும் நம் பையன்களிடம் இரட்டிப்பாகிவிட்டது. அந்த ஆசை நியாயமா? கணக்குப் போடுவோம்.

கரையிலிருந்து 30 மீட்டரில் ஒரு புள்ளிமூக்கு வாத்து நீந்துகிறது. அதன் நீளம் சுமார் 60 செ.மீ. 250 மி.மீ. லென்ஸில் 2.8 மீட்டர் அகலம் அடங்கும். வாத்து படத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 400-இல் மூன்றில் ஒரு பங்கு. 600-இல் பாதி. 'பார்த்தாயா, 600 தான் ராஜா' என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். 24 மெகாபிக்சல் படத்தின் அகலம் 6000 புள்ளிகள். அதில் ஐந்தில் ஒரு பங்கு என்றால், நம் வாத்தின் மேலே மட்டும் 1270 புள்ளிகள் விழுகின்றன. நாம் எல்லோரும் போய்ப் போடுகிற இன்ஸ்டாகிராமில் படத்தின் அகலமே வழக்கமாக 1080 புள்ளிகள்தான்! அச்சில் போட்டாலும் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நான்கு அங்குலத்துக்குக் குறையாத வாத்து கிடைக்கும். இந்த ஆண்டு மலரில் தாராளமாகப் போடலாம்.

நியாயத்தை மறைக்கக் கூடாது. 17 செ.மீ. மீன்கொத்தி என்றால் அதே 30 மீட்டரில் 250 லென்ஸில் 360 புள்ளிதான். அது போதாது. 600 என்றால் 860 புள்ளிக்கு மேல் வரும். ஆனால் அதே மீன்கொத்தி 10 மீட்டரில் வந்து உட்கார்ந்தால் 250-லேயே 1080 புள்ளி வந்துவிடும். தூரம் மூன்றில் ஒன்றானால் லென்ஸ் மூன்று மடங்கானதற்குச் சமம். நாம் அதன் அருகே போகக் கூடாது, கூட்டைக் கலைக்கவே கூடாது. ஆனால் ஒரு வேலியோரம் அசையாமல் உட்கார்ந்தால் அதுவாக வரும். பொறுமைக்கு எந்தக் கடையிலும் விலை போடவில்லை நண்பர்களே!

எஃப் எண்ணும் எடையும்

லென்ஸின் மேல் 4.5-6.3 என்று எழுதியிருப்பதை நம்மில் பலர் படிப்பதே இல்லை. குவியத் தொலைவைக் கண்ணாடித் துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வருவது அது. எண் சின்னதாக இருந்தால் வெளிச்சம் அதிகம். எஃப் 8-ஐ விட எஃப் 5.6 இரண்டு மடங்கு வெளிச்சம் தரும். எஃப் 6.3-ஐ விட எஃப் 2.8 ஐந்து மடங்கு தரும்.

இப்போது ஒரு வேடிக்கை பாருங்கள். நிக்கானின் 50-250 லென்ஸ் கடைசி முனையில் எஃப் 6.3. எடை 405 கிராம். சோனியின் 200-600 கடைசி முனையில் அதே எஃப் 6.3. எடை 2,115 கிராம். ஐந்து மடங்கு கனம், வெளிச்சம் ஒன்றுதான்! அந்தக் கனம் எதற்கு? 250-ஐ 6.3-ஆல் வகுத்தால் 40 மி.மீ. துவாரம். 600-ஐ வகுத்தால் 95 மி.மீ. அவ்வளவு பெரிய கண்ணாடி, அவ்வளவு விலை, அவ்வளவு எடை. இரண்டு லிட்டர் தேங்காய் எண்ணெய்க் கேனைக் கண்ணுக்கு நேராக ஒரு மணி நேரம் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், தெரியும்!

கல்யாண வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மண்டபத்தில் மணமேடை பத்து மீட்டருக்குள் இருக்கும். விடியற்கால முகூர்த்தத்தில் வெளிச்சம் குறைவு. அங்கே 600 மி.மீ. எதற்கும் ஆகாது. எஃப் 2.8 உள்ள 70-200 ஆகும். ஆனால் அதன் விலை நம்மைத் தூக்கி எறிந்துவிடும். ஜூமே இல்லாத 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கினால் எஃப் 6.3-ஐ விடப் பன்னிரண்டு மடங்கு வெளிச்சம் கிடைக்கும். நாலு அடி முன்னும் பின்னும் நடக்கக் கால் இருந்தால் அதுவே ஜூம்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவை கேனானின் 100-400 (635 கிராம்), சோனியின் 70-350 (625 கிராம்) போன்ற லென்ஸுகள். பறவை மேல் உண்மையான பைத்தியம் உள்ளவர்களுக்கு இவை நல்ல தேர்வு. கேனான் 100-400 கடைசி முனையில் எஃப் 8. பகலில் குறையில்லை, பொழுது சாய்ந்தால் திணறும். தெரிந்து வாங்கினால் வருத்தமில்லை.

உச்சி வெயிலும் ஆடிக்காற்றும்

எந்த விளம்பரமும் சொல்லாத ஒன்றை நம் மண் சொல்லும். கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லுமாக இருக்கும் கொறங்காட்டில் உச்சி வெயிலில் நின்று பாருங்கள். தரைக்கு மேலே காற்று தண்ணீர் மாதிரி நெளியும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து ஒளியை வளைக்கின்றன. நூறு மீட்டருக்கு அப்பால் மேயும் மாட்டை அந்த நேரத்தில் எந்த லென்ஸில் எடுத்தாலும் ஓரம் கலங்கித்தான் வரும். மி.மீ. கூடக்கூடக் கலக்கமும் பெரிதாகத் தெரியும். லென்ஸ் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். காலை எட்டு மணிக்கு முன்னால் போங்கள்.

ஆடிக்காற்றில் செம்மண் பறக்கும்போது லென்ஸ் மாற்றாதீர்கள். மிரர்லெஸ் கேமராவில் கண்ணாடி இல்லாததால் சென்சார் வாசலிலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் லென்ஸைத் துணிப்பைக்குள் பூட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

பழைய லென்ஸுக்கும் வாழ்வு உண்டு

புதுசுதான் வேண்டும் என்று யார் சொன்னது? பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவில் நடுவே ஆடும் கண்ணாடிக்கு இடம் வேண்டும். அதனால் கேனான் ஈஎஃப் லென்ஸின் மவுண்ட், சென்சாரிலிருந்து 44 மி.மீ. தள்ளி இருக்கும். மிரர்லெஸ் ஆர்எஃப் மவுண்டில் 20 மி.மீ. தான். மீதி 24 மி.மீ. இடைவெளியை ஓர் அடாப்டர் வளையத்தால் நிரப்பினால் பழைய லென்ஸ் புது கேமராவில் ஜோராக உட்காரும். நிக்கானில் 46.5-க்கும் 16-க்கும் உள்ள வித்தியாசம். ஆனால் அங்கே ஓர் எச்சரிக்கை: உள்ளே மோட்டார் இல்லாத பழைய நிக்கான் லென்ஸுகள் எஃப்டிஇசட் அடாப்டரில் தானாக ஃபோகஸ் ஆகாது.

பலர் டிஎஸ்எல்ஆரை விட்டு மிரர்லெஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள். அவர்கள் விற்கும் 55-250 லென்ஸுகள் பழைய கேமராக் கடைகளில் கிடைக்கின்றன. வாங்கும்போது டார்ச் அடித்துக் கண்ணாடிக்குள் பூஞ்சை நூல் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். ஜூம் வளையத்தைத் திருப்பினால் மணல் நறநறக்கக் கூடாது. இரண்டு முனையிலும் ஒரு சுவரொட்டியைப் படம் எடுத்து, நாலு மூலை எழுத்தும் படிக்கிற மாதிரி இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

இப்படிச் சேர்த்துக் கட்டிக்கொள்வது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்கள் மா. கிருஷ்ணனை (1912-1996) நினைத்துக்கொள்ளட்டும். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், தமிழ்நாடு தந்த பெரிய இயற்கையியலாளர், 1970-இல் பத்மஸ்ரீ பெற்றவர். ஒரு கம்பெனியின் கேமரா உடல், இன்னொரு கம்பெனியின் டெலி லென்ஸ், வேறெங்கோ கிடைத்த பாகங்கள் என்று தாமே சேர்த்துக் கட்டிய கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு காடு காடாக அலைந்து கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தார். அவர் எடுத்த யானையைத்தான் உலகம் பார்த்தது. கருவியின் மேல் என்ன பெயர் அச்சடித்திருந்தது என்று யார் கேட்டார்கள்?

யார் காசு?

நாலாவது கேள்விக்கு வருகிறேன். என் மனசை உறுத்துவது இதுதான்.

நம்மில் பாதிப்பேர் வீட்டில் முதல் முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள். நானும் அப்படித்தான். என் அப்பா தேங்காய்க் களத்தில் கொப்பரை காயப்போடுபவர். எந்தப் பொருளைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "ஏங் கண்ணு, இது எத்தன நாள் கூலிக்கு ஆகும்?" இதைவிட நேர்மையான விலைப்பட்டியல் எனக்குத் தெரியாது. ஒரு பேச்சுக்கு லென்ஸ் 1,60,000 ரூபாய், நாள் கூலி 800 ரூபாய் என்று வைத்தால், 200 நாள். சாப்பிடாமல், பஸ் ஏறாமல், ஒரு நாள்கூடக் காய்ச்சல் வராமல் 200 நாள் வெயில்!

"நமக்கெல்லாம் எதுக்குடா கேமரா?" என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். "நமக்கெல்லாம் எதுக்குடா படிப்பு?" என்று சொன்னவர்களும் அவர்களேதான். அழகை ரசிக்கவும் அதைப் படம் பிடிக்கவும் நமக்கும் உரிமை உண்டு. சிவன்மலை உத்தரவுப் பெட்டியில் கேமரா வைக்கச் சொல்லி உத்தரவு வரட்டும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். வாங்குங்கள். ஆனால் 'தவணையில் சுலபம்' என்ற பேச்சை நம்பி, நாம் சம்பாதிக்காத பணத்தில், வருஷத்துக்குப் பத்து நாள் மட்டும் வேலை தரும் லென்ஸை வாங்காதீர்கள். அந்தத் தவணை பெரும்பாலும் அப்பா பெயரில்தான் இருக்கும். தவறினால் சிபில் மதிப்பெண் இறங்கும். நாளைக்கு நேரடி இரண்டாமாண்டு பி.இ. சேரக் கல்விக் கடன் கேட்டு அதே அப்பாவோடு வங்கிக்குப் போகும்போது, அந்தப் பழைய தவணை நமக்கு முன்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்!

ஆகவே என் முடிவு இதுதான். முதல் டெலி லென்ஸ் 250 அல்லது 300-இல் முடியும் சின்ன ஜூமாக இருக்கட்டும், பழசானாலும் சரி. ஒரு வருஷம் அதில் எடுங்கள். எடுத்த படங்களில் எத்தனை அதன் கடைசி முனையில் எடுத்தவை என்று கணினியில் பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் மி.மீ. பதிவாகியிருக்கும். பாதிக்கு மேல் கடைசி முனையில் முட்டி நின்றால், அடுத்தது 400-க்குப் போகலாம். 600 வேண்டிய நாளில் நாள் வாடகைக்கு எடுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம் பட்டறையில் ஆளுக்கொரு மைக்ரோமீட்டரா வாங்கினோம்? டூல் ரூமில் டோக்கன் கொடுத்து வாங்குகிறோம். வேலை முடிந்ததும் துடைத்துத் திருப்பிக் கொடுக்கிறோம். அதே முறையில் மாணவர் சங்கம் ஒரு நல்ல டெலி ஜூமை வாங்கி ஏன் பொதுவில் வைக்கக் கூடாது?

"ஒரு கம்பெனி லென்ஸ் இன்னொரு கம்பெனி கேமராவில் மாட்டாதே" என்பீர்கள். உண்மை. யார் யாரிடம் எந்த மவுண்ட் என்று ஒரு பட்டியல் எடுப்போம். அதிகம் பேரிடம் இருப்பதற்கு வாங்குவோம். புதிதாகக் கேமரா வாங்குபவர்களும் அதைப் பார்த்து வாங்கலாம். "உடைத்துவிட்டால்?" முன்பணம் வைப்போம், நோட்டில் கையெழுத்துப் போடுவோம். மைக்ரோமீட்டரை உடைக்காமல் வைத்திருக்கும் கைகள்தானே இவை! முப்பது பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் யார் வீட்டிலும் 200 நாள் கூலி போகாது. நம் காளையும் நம் குளமும் நம் கண்ணால் பதிவாகும்.

அடுத்த ஆண்டு மலரின் அட்டையில் அந்தப் பொது லென்ஸில் நம்மில் ஒருவர் எடுத்த ரேக்ளாப் படம் வர வேண்டும் என்பது என் ஆசை. பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர ஒரு கையெழுத்துத் தாள் மெக்கானிக்கல் பிளாக் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். சிந்தியுங்கள் தோழர்களே! சரி என்று பட்டால் வந்து கையெழுத்துப் போடுங்கள்.